யானை, மீன், கிளி, ஆமை

அத்தையின் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் யாரும் எங்கே வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். சிலர் குரைப்பார்கள். சிலர் சீறுவார்கள். ஒரு பச்சைக்கிளி மட்டும் வாசலில் நுழைந்ததுமே, "போயிட்டு வரேன்! போயிட்டு வரேன்!" என்று கத்தும். அத்தை கால்நடை மருத்துவர்.

விடுமுறை நாள்களில் நத்தை அங்கேதான் இருப்பாள். பள்ளியில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. 'நத்தை' என்பது அண்ணன் வைத்தது. பதினொரு வயதாகியும், அவள் ஒரு செருப்பை மாட்டி மறு செருப்பைத் தேடுவதற்குள் பேருந்து போய்விடும். "அத்தை வீட்டுக்கு நத்தை போறா" என்று அவன் ராகம் போட்டுப் பாடுவான். போகப் போக அந்தப் பெயரே எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

அவள் சோம்பேறி இல்லை. ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அதை முழுக்கப் பார்த்து முடிக்காமல் கீழே வைக்க அவளால் முடியாது. அவ்வளவுதான். பள்ளியில் ஒருமுறை பழைய கணினிகளைக் கொடுத்து, அவற்றைக் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே வகுப்பில் முடித்துவிட்டு விளையாட ஓடினார்கள். நத்தைக்கு அந்த வாரம் முழுக்க ஆனது. ஆனால் மற்றவர்களிடம் கடைசியில் இரண்டு மூன்று திருகாணிகள் மிஞ்சின. அவளிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்று காலை, வரவேற்பு மேசையின் மேல் உட்கார்ந்து அவள் ஒரு பூனையின் நகங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போது கதவு தடாலென்று திறந்தது.

உள்ளே வந்தவர் பேருந்து ஓட்டுநர். ஆள் கதவளவு உயரம். முறுக்கிய மீசை. கையில் ஒரு தலையணை அளவுகூட இல்லாத வெள்ளை நாய்க்குட்டி. அதன் பெயர் 'புயல்'. நாள் முழுக்கத் தூங்குகிற நாய்க்கு அப்படி ஒரு பெயர்.

"டாக்டரம்மா! இவன் ரிமோட்டைக் கடிச்சுக் குதறிட்டான்! உள்ள இருந்த பேட்டரியைக் காணோம்! சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமா, பளபளன்னு இருக்குமே, அது!"

அத்தையின் முகம் மாறியது. "எப்ப நடந்துச்சு?"

"இப்பதான். குளிச்சிட்டு வர்றதுக்குள்ள இந்த வேலை பார்த்துட்டான்."

"வீட்ல நல்லாத் தேடினீங்களா? சோபாவுக்கு அடியில, மெத்தைக்குக் கீழ?"

"வீட்டையே புரட்டிப் போட்டுட்டேன். கிடைக்கல. முழுங்கினானா இல்லையான்னே தெரியல டாக்டரம்மா."

புயல் அடிக்கடி எச்சில் விழுங்கியது. வாயோரம் நுரை கட்டியிருந்தது.

அத்தை அதை மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். "முழுங்கலைன்னா வைத்தியமே வேண்டாம். வயித்துக்குப் போயிருந்தா ஒரு வைத்தியம். உணவுக்குழாய்ல சிக்கியிருந்தா வேற வைத்தியம், அதுவும் உடனே செய்யணும். அந்தப் பேட்டரி ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு இருந்தா உள்ளே புண்ணாக்கிடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம். வாங்க."

கம்பவுண்டர் மாமா ஏற்கெனவே எக்ஸ்ரே அறைக்கு ஓடிவிட்டார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர் அவர். யாரும் எள் கேட்காதபோதும் சில சமயம் எண்ணெயாக நிற்பார்.

ஆனால் இரண்டு நொடியில் உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "ஐயையோ!"

எல்லோரும் ஓடினார்கள். எக்ஸ்ரே இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. அது எடுக்கும் படத்தைத் திரையில் காட்டும் பழைய கணினிதான் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. மாமா பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அழுத்தினார். ஒரு விசிறிகூடச் சுற்றவில்லை.

"நேத்துகூட நல்லா ஓடிச்சே!" என்று அதன் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "எங்க வீட்டு டிவி இப்படித் தட்டினா வந்துடும்."

இது வரவில்லை.

அத்தை கணினி பழுது பார்க்கும் அக்காவிடம் தொலைபேசியில் பேசினாள். அந்த அக்கா வெளியூரில் இருந்தார். நாளைக்குத்தான் வர முடியுமாம். எக்ஸ்ரே உள்ள இன்னொரு கால்நடை மருத்துவமனை இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்தது.

"அவ்வளவு நேரம் விடக்கூடாது" என்றாள் அத்தை. "சரி, படம் இல்லாமலே என்ன செய்ய முடியும்னு யோசிக்கறேன்."

ஓட்டுநர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மீசை நடுங்கியதை நத்தை அதுவரை பார்த்ததில்லை. 

"அத்தை, நான் பார்க்கட்டுமா?"

"நீ பார்த்து முடிக்கறதுக்குள்ள விடிஞ்சு அடுத்த நாளே வந்துடும் கண்ணு" என்றார் கம்பவுண்டர் மாமா.

அத்தை நத்தையை ஒரு கணம் பார்த்தாள். "பாரு. ஆனா இது கரண்ட் சமாசாரம். மாமா கூடவே இருக்கணும். பிளக்கைப் பிடுங்காம எதுக்குள்ளேயும் கை விடக்கூடாது."

"விட மாட்டேன் அத்தை."

மாமா அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டார். ஒரு கையால் சுவரில் இருந்த பிளக்கை வேறு இடத்துக்கு மாற்றினார். மறு கையால் விசைப்பலகையின் ஒயரை இழுத்தார். காலால் எதையோ தள்ளினார்.

"மாமா, ஒவ்வொண்ணா!" என்றாள் நத்தை. "எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது கெட்டுதுன்னே தெரியாது."

"சரி தாயே. எது முதல்ல?"

"சுவர்ல கரண்ட் வருதா?"

மேசை விளக்கை எடுத்து வந்து, கணினியைச் செருகியிருந்த அதே இடத்தில் செருகினார்கள். விளக்கு எரிந்தது. சுவரில் குறை இல்லை.

"அடுத்து ஒயர். திரைக்குப் போற ஒயரும் இதுக்கு வர்ற ஒயரும் ஒரே மாதிரிதான் மாமா. திரையோட சின்ன விளக்குதான் எரியுதே! அந்த ஒயரை இதுல மாட்டிப் பார்க்கலாம்."

மாட்டினார்கள். கணினி அசையவில்லை. ஒயரிலும் குறை இல்லை.

நத்தை தரையில் முட்டி போட்டு, கணினியின் பின்பக்கம் மூக்கை வைத்தாள். ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். அங்கே முகர்ந்தாள். பிறகு கொஞ்சம் தள்ளி முகர்ந்தாள். மறுபடி அங்கே வந்து முகர்ந்தாள்.

"என்ன, நாய் மாதிரி மோப்பம் பிடிக்கறே?"

"இங்க மட்டும் கருகின வாசனை வருது. நீங்களும் பாருங்க."

மாமாவும் முட்டி போட்டு முகர்ந்தார். "அட, ஆமா!"

"இதுக்குப் பேரு பவர் சப்ளை, மாமா. சுவர்ல இருந்து வர்ற கரண்டை இதுதான் வாங்கி, அளவாப் பிரிச்சு உள்ள இருக்கற எல்லாத்துக்கும் கொடுக்கும்."

"வீட்ல பெரியம்மா சோறு பரிமாறற மாதிரியா?"

"அதே மாதிரிதான். பரிமாறறவங்க படுத்துட்டா எல்லாரும் பட்டினி."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கணினியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தார்கள். வரவேற்பறையில் ரசீது போடும் கணினியும் இதுவும் ஒரே நாளில் வாங்கிய இரட்டைப் பிள்ளைகள். அதையும் அணைத்து, தூக்கிவந்து பக்கத்தில் வைத்துத் திறந்தார்கள். பிறகு இரண்டுக்கும் மின்சாரம் கொடுத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க மட்டும் செய்தார்கள். ரசீதுக் கணினிக்குள் எல்லா ஒயர்களும் வந்து சேரும் பெரிய மின்பலகையில், பொத்தானை அழுத்தாதபோதே, கடுகளவு பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. எக்ஸ்ரே கணினியின் பலகையிலும் அதே இடத்தில் அதே விளக்கு இருந்தது. எரியவில்லை.

"பலகை வரைக்கும் கரண்டே வரல" என்றாள் நத்தை.

ஓட்டுநர் தலையை நிமிர்த்தினார். "அப்ப அந்தக் கம்ப்யூட்டர்லயே படத்தைப் பார்த்துடலாமே?"

"அது ரசீது மட்டும்தான் போடும்" என்றார் மாமா. "எக்ஸ்ரேவோட பேசற அட்டை இதுக்குள்ளதான் இருக்கு."

நத்தை இரண்டு கணினிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனவர் மூடிக்கொண்டார்.

"அதோட பவர் சப்ளையைக் கழற்றி இதுக்குக் கொடுத்தா என்ன?"

அத்தை புயலை மடியில் வைத்தபடியே கேட்டாள். "கோளாறு அதுதான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

நத்தை எரியாத விளக்கை இன்னொரு முறை பார்த்தாள். "பவர் சப்ளை கெட்டிருக்குங்கறது நிச்சயம் அத்தை. அதோட சேர்ந்து வேற எதுவும் கெட்டிருக்கான்னு தெரியாது. மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

அத்தை அவளை வியப்போடு பார்த்தாள். "நாங்க வைத்தியத்துல சொல்ற பதிலும் இதேதான். செய்."

அறையே பரபரத்தது. இரண்டு பிளக்குகளையும் பிடுங்கினார்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் போகட்டும் என்று பொத்தானை அழுத்திவிட்டு நத்தை கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு இரண்டு பவர் சப்ளைப் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த தாள்களையும் வாசித்தாள்.

"இதுல முந்நூறு வாட். அதுலயும் முந்நூறு. சமமா இருந்தாப் பரவாயில்ல. குறைவா இருந்தாத்தான் கஷ்டம்."

மாமா திருப்புளியோடு கருகிய பெட்டியின் மூடிக்கே போய்விட்டார். "இதைத் திறந்து உள்ள என்னன்னு..."

"மாமா, வேண்டாம்! பிளக்கைப் பிடுங்கினாலும் அந்தப் பெட்டிக்குள்ள கரண்ட் பதுங்கி இருக்கும். பெட்டியோட மாத்தணும், பெட்டியைத் திறக்கக் கூடாது."

மாமா சூடு பட்டவர்போலக் கையை எடுத்தார்.

பெட்டியிலிருந்து கிளம்பிய ஒயர்கள் நூடுல்ஸ் போலச் சிக்கிக் கிடந்தன. எது எங்கே போகிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. நத்தை சுற்றும்முற்றும் பார்த்தாள். மேசையில் ஒட்டுப்படத் தாள்கள் இருந்தன. செல்லப்பிராணிகளுக்கு ஊசி போடும்போது அழாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு அத்தை கொடுப்பவை.

"மாமா, அதை எடுங்க."

"யாரு இப்ப அழறாங்க?"

"யாரும் அழல. பேர் வைக்கத்தான்."

ஓட்டுநர் இன்னும் சுவரோரமே இருந்தார். அவர் விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. நத்தை அவரிடம் போனாள்.

"டிரைவர் மாமா, உள்ள இருட்டா இருக்கு. உங்க போன்ல டார்ச் அடிச்சு உயரத்துல இருந்து பிடிக்கறீங்களா? எங்களுக்கு அவ்வளவு உயரம் பத்தாது."

ஓட்டுநர் சட்டென எழுந்தார். வெளிச்சம் முதலில் ஆடியது. பிறகு, பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்தார். வெளிச்சம் நின்றது.

கருகிய பெட்டியிலிருந்து பலகைக்குப் போன பெரிய முனையை மாமா பலமாக இழுத்தார். வரவில்லை.

"அதோட காதை அழுத்திக்கிட்டு இழுங்க மாமா. பக்கத்துல கொக்கி மாதிரி இருக்கு பாருங்க."

காதை அழுத்தியதும் முனை சமர்த்தாக வந்தது. அது இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நத்தை ஒரு யானைப் படத்தை ஒட்டினாள். ரசீதுக் கணினியின் பெட்டியில் அதேபோன்ற முனையைத் தேடி, அதிலும் ஒரு யானையை ஒட்டினாள். தகவல்களைச் சேமிக்கும் வட்டுக்குப் போவது மீன். குறுந்தகடு போடும் இடத்துக்குக் கிளி. பலகையின் மூலையில் சின்னச் சதுர முனைக்கு ஆமை.

"யானை யானைக்கு, மீன் மீனுக்கு" என்றாள் நத்தை.

"கிளி கிளிக்கு" என்றார் ஓட்டுநர், மேலேயிருந்து.

ரசீதுக் கணினியிலிருந்து கழற்றிய பெட்டியை உள்ளே பொருத்தாமல், பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்தார்கள். "முதல்ல ஓடுதான்னு பார்ப்போம். அப்புறம் திருகாணி போடலாம்" என்றாள் நத்தை. மாமாவும் அவளும் முனைகளை மாட்டினார்கள். பிளக்கைச் செருகினார்கள்.

கடுகளவு பச்சை விளக்கு எரிந்தது!

"எரியுது! எரியுது!" என்று மாமா குதித்தார். பொத்தானை அழுத்தினார். விசிறிகள் 'விர்ர்' என்று சுற்றின. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

திரை கறுப்பாகவே இருந்தது.

விசிறிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

"போச்சு" என்று மாமா முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "வேற எதுவோ சேர்ந்து கெட்டுப்போச்சு."  புயல் முனகியது.

நத்தைக்கும் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அவள் பிளக்கைப் பிடுங்கினாள். கணினிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"டிரைவர் மாமா, அந்த மூலையில வெளிச்சம் காட்டுங்க. யானை இருக்கு. மீன் இருக்கு. கிளி இருக்கு." விரல் நின்றது. "ஆமை எங்கே?"

பலகையில் ஆமைப் படம் இருந்தது. அதன் பக்கத்துக் குழி காலியாக இருந்தது. பெரிய விசிறியின் நிழலில் அது யார் கண்ணிலும் படவில்லை. ஆமை ஒட்டிய முனை மற்ற ஒயர்களுக்கு அடியில் சுருண்டு கிடந்தது.

"தலையை உள்ளே இழுத்துக்கிச்சு பாரு!" என்றார் ஓட்டுநர்.

"நான்தான் ஆமையை மாட்டறேன்னு சொன்னேன்" என்று மாமா அசடு வழிந்தார். "அவசரத்துல விட்டுட்டேன்."

நத்தை சதுர முனையைப் பிடித்து, காது எந்தப் பக்கம் என்று பார்த்து, அழுத்தினாள். 'டிக்.' பிளக். பொத்தான். விசிறி.

'பீப்!'

திரையில் வெளிச்சம் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. நத்தையையும் ஓட்டுநரையும் வெளியே அனுப்பிவிட்டு, அத்தையும் மாமாவும் எக்ஸ்ரே கதிர் படாமல் தடுக்கும் கனத்த அங்கிகளைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தார்கள். கதவு திறந்தபோது திரையில் புயலின் விலா எலும்புகள் சீப்புப் பற்கள்போல் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வெள்ளை வட்டம். நாணயம்போல் முழுதாக, ஓரத்தில் மெல்லிய இன்னொரு வளையத்தோடு.

"உணவுக்குழாய்லதான் நிக்குது" என்றாள் அத்தை. "இடம் தெரிஞ்சுபோச்சு. இனி அது என் வேலை."

அவள் புயலைத் தூக்கிக்கொண்டு அறுவை அறைக்குள் போனாள். கதவு மூடியது.

ஓட்டுநர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நத்தை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.  "அவன் எப்பவும் என் செருப்பு மேலதான் தூங்குவான்" என்றார் ஓட்டுநர். "உங்க செருப்பு பெருசுதானே, வசதியா இருக்கும்" என்றாள் நத்தை. அவர் அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினார்.

உள்ளேயிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. எஃகுக் கிண்ணத்தில் ஏதோ விழுந்த சத்தம்.

அத்தை வெளியே வந்து கிண்ணத்தைக் காட்டினாள். வட்டப் பேட்டரி, ஒரு பக்கம் கறுத்துப்போய்க் கிடந்தது. "லேசாப் புண்ணாயிருக்கு. மருந்துல ஆறிடும். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா இவ்வளவு சுலபமா முடிஞ்சிருக்காது."

ஓட்டுநர் அத்தையைக் கும்பிட்டார். பிறகு நத்தையின் முன்னால் குனிந்து, அவளையும் கும்பிட்டார். நத்தைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் கும்பிட்டாள். மாமா அதைப் பார்த்துவிட்டு, தான் மட்டும் எதற்கு விடுபட வேண்டும் என்று எல்லோரையும் கும்பிட்டார்.

அன்று மாலையே நத்தையும் மாமாவும் முக்காலியில் இருந்த பெட்டியை உள்ளே வைத்துத் திருகாணி போட்டார்கள். மறுநாள் பழுது பார்க்கும் அக்கா பெரிய பையோடு வந்தார். எக்ஸ்ரே கணினியின் தகட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். வெகுநேரம் எட்டிப் பார்த்தபடியே இருந்தார்.

"யாரு வேலை இது?"

மாமா தயங்கினார். "தப்பா எதுவும் பண்ணிட்டோமா?"

"தப்பா? ஒரு ஒயர்கூட முறுக்கிக்கல. ஒரு திருகாணிகூடக் குறையல. இந்த யானை, ஆமை எல்லாம் யாரோட யோசனை?"

மாமாவும் அத்தையும் ஒரே நேரத்தில் நத்தையைக் கைகாட்டினார்கள்.

அக்கா பையிலிருந்து புத்தம்புது பவர் சப்ளை ஒன்றை எடுத்தார். ரசீதுக் கணினியின் முன்னால் வைத்தார். திருப்புளியை நத்தையின் பக்கம் நீட்டினார். "நீயே மாட்டு."

நத்தை தரையில் உட்கார்ந்தாள். மாமா நான்கு திருகாணிகளையும் உள்ளங்கையில் ஏந்தி, ஒவ்வொன்றாகக் கொடுத்தார். சீக்கிரம் என்ற சொல் ஒருமுறைகூட அவர் வாயில் வரவில்லை. காத்திருந்த நோயாளிகளையும் அவர்களை அழைத்து வந்தவர்களையும் பார்த்து, "உஷ்ஷ்" என்று மட்டும் சொன்னார். கிளிகூட வாயை மூடிக்கொண்டது.

"இன்னும் நாலு இடத்துக்குப் போகணும்னு சொன்னீங்களே?" என்று அத்தை அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"போகணும்தான் டாக்டர்" என்றார் அக்கா. பையைக் கீழே வைத்துவிட்டு, நத்தைக்குப் பக்கத்தில் அவரும் தரையில் உட்கார்ந்தார். "இதைப் பார்த்துட்டுப் போறேன்."